நூலகத்துக்கு எதுக்குப் போற?

ஒரு சிறிய ஊரில் பெண்கள் போய் உட்காரக்கூடிய இடங்களை எண்ணிப் பாருங்கள். கோயில் வரும். ரேஷன் கடை வரிசை, ஆரம்ப சுகாதார நிலையத்து பெஞ்சு, பிள்ளையின் பள்ளிக்கூட வாசல், பேருந்து நிறுத்தம் வரும். எல்லா இடத்திலும் ஒரு வேலை இருக்கிறது. சாமி கும்பிட வேண்டும், சாமான் வாங்க வேண்டும், மருந்து வாங்க வேண்டும், பிள்ளையைக் கூட்டிவர வேண்டும். வேலை முடிந்ததும் கிளம்பிவிட வேண்டும். இப்போது ஆண்களின் பட்டியலைப் போடுங்கள். டீக்கடை, சலூன், பாலத்துக் கட்டை, ஆலமரத்தடி, கட்சிப் படிப்பகம். அங்கே மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் ஆணிடம் “இங்க என்ன வேலை?” என்று யாரும் கேட்பதில்லை.

இரண்டு பட்டியலிலும் இருக்க வேண்டிய ஓர் இடம் பொது நூலகம். அங்கே எதையும் வாங்க வேண்டாம், யாரையும் கும்பிட வேண்டாம், யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். சும்மா போய் உட்காரலாம். சட்டத்தில் அது எல்லோருக்கும் உரியது. பெண்கள் வரக்கூடாது என்று எந்த நூலக வாசலிலும் பலகை இல்லை. ஆனாலும் சும்மா போய் உட்காரும் பெண்ணை அங்கே பார்ப்பது அரிது.

நான் கேட்க விரும்புவது இதுதான். யாரையும் தடுக்காத ஓர் இடத்துக்கு ஒரு சாரார் மட்டும் வராமல் இருந்தால் அதைப் பொது இடம் என்று சொல்லலாமா? கதவைத் திறந்து வைத்ததோடு கடமை முடிந்துவிடுகிறதா?

சில மாதங்களுக்கு முன்பு காவிரிப் படுகையில் ஒரு சிறிய ஊரின் கிளை நூலகத்துக்குப் போயிருந்தேன். பார்த்தவுடன் பிடித்துப்போகும் கட்டடம். ஓட்டுக் கூரை, முன்னால் ஒரு புங்க மரம், மரத்தடியில் ஐந்தாறு சைக்கிள்கள். உள்ளே நீண்ட மேசை. அதன் மேல் பல கைகள் மாறி ஓரம் சுருண்ட தினசரிகள், ஃபேன் காற்றில் பறக்காமல் இருக்க அவற்றின் மேல் ஒரு செங்கல் துண்டு. இரும்பு அலமாரிகளில் முதுகு பழுப்பேறிய புத்தகங்கள். அட்டை கிழிந்தவற்றுக்குக் காலண்டர் தாளில் அட்டை போட்டு, மேலே ஸ்கெட்ச் பேனாவில் அழகாகப் பெயர் எழுதியிருந்தார்கள்.

தினசரி மேசையைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் வயதான ஆண்கள். ஒருவர் தலையங்கம் படித்தார், ஒருவர் செய்தித்தாளை விரித்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். அவரை யாரும் எழுப்பவில்லை. எதிர்ப்பக்கம் ஜன்னலோரமாகப் பத்துப் பன்னிரண்டு இளம் பெண்கள். ஒவ்வொருவர் முன்னாலும் டி.என்.பி.எஸ்.சி. வழிகாட்டி, பழைய வினாத்தாள், கலர் பேனாக்கள், பக்கத்தில் சாப்பாட்டு டப்பா. அந்தக் காட்சி மனசுக்கு நிறைவாகத்தான் இருந்தது. ஆனால் நான் இருந்த வரையில் அவர்களில் ஒருவர்கூட எழுந்து அலமாரிப் பக்கம் போகவில்லை. நூலகத்திலிருந்து அவர்கள் எடுத்துக்கொண்டது நாற்காலியும் ஃபேனும் அமைதியும்தான். புத்தகம் வீட்டிலிருந்து வந்திருந்தது.

நூலகர் ஒரு பெண். அவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

“படிக்கிற பொண்ணுங்க காலையிலயே வந்துடும்ங்க. சாப்பாடு கொண்டாந்து சாயங்காலம் வரைக்கும் இருக்கும்ங்க. பரீட்சை முடிஞ்சிட்டா, இல்ல கல்யாணம் நிச்சயமாயிட்டா, அப்புறம் பார்க்க முடியாது.”

“அவங்க உறுப்பினர் கார்டு என்ன ஆகும்?”

“கார்டு இருக்கும். தம்பியோ வீட்டுக்காரரோ வந்து எடுத்துட்டுப் போவாங்க. ரமணிசந்திரன் எதாச்சும் குடுங்க, அது படிக்காததா பாத்துக் குடுங்கன்னு சொல்லுவாங்க. எதைப் படிச்சிருக்கு, எதைப் படிக்கலைன்னு நான்தான் ஞாபகம் வச்சிருக்கணும்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஊரிலுள்ள பல பெண்களின் வாசிப்பு முழுவதும் இன்னொரு பெண்ணின் ஞாபகத்தில் இருக்கிறது. அது அழகான செய்தி. அந்தப் பெண்களில் பலரை அவர் பார்த்தே பல வருடமாகிறது என்பதும் அதே பேச்சில்தான் இருக்கிறது.

தேர்வுக்குப் படிக்கும் பெண்கள் நூலகத்துக்கு வருவது சின்ன விஷயமில்லை. ஒரு தலைமுறைக்கு முன்பு இத்தனை பெண்கள் ஒரு பொது அறையில் காலை முதல் மாலை வரை உட்கார்ந்திருப்பதை அந்த ஊர் பார்த்திருக்காது. அவர்களுக்கு அந்த நாற்காலியைப் பெற்றுத் தந்தது தேர்வு. “எதுக்குப் போற?” என்று வீடு கேட்டால் சொல்லப் பதில் இருக்கிறது. அரசு வேலை என்றால் வீடு விட்டுவிடும். அந்தப் பதில் இருக்கும்வரை நாற்காலியும் இருக்கும். வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், ஒருநாள் அந்தப் பதில் தீர்ந்துபோகும்.

பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த பெரியவருக்கு இந்தச் சிக்கல் கிடையாது. அவர் எந்தப் பதிலும் வைத்திருக்க வேண்டியதில்லை. உரிமைக்கும் அனுமதிக்கும் உள்ள வேறுபாடு அந்த ஒரே அறையில் தெரிந்தது. காரணம் சொல்லாமல் ஒருவர் அனுபவிப்பது உரிமை. காரணம் சொல்லிப் பெற்றுக்கொள்வது அனுமதி, காரணம் போனால் அதுவும் போகும். மும்பைப் பெண்களையும் பொது இடங்களையும் பற்றி ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் எழுதி 2011இல் வெளிவந்த ‘வொய் லாய்ட்டர்?’ நூல் இதைத்தான் வாதிட்டது. வேலைக்காகவும் படிப்புக்காகவும் வெளியே வரும் பெண்ணை நகரம் ஏற்றுக்கொள்கிறது, வேலையில்லாமல் நிற்கும் பெண்ணை ஏற்பதில்லை, சும்மா இருக்கும் உரிமை கிடைத்தால்தான் பெண்ணும் முழுக் குடிமகள் என்றார்கள். மும்பைக்கே அந்த நிலை என்றால், தெருவில் போகும் எல்லாரும் நம்மை இன்னார் வீட்டுப் பெண் என்று தெரிந்து வைத்திருக்கும் ஊரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இங்கே ஒருவர் கேட்கலாம். “புத்தகம்தான் வீட்டுக்கு வந்துவிடுகிறதே? யார் எடுத்து வந்தால் என்ன? படிப்பது அவள்தானே?” நியாயமான கேள்வி. வீட்டுக்கு வரும் புத்தகத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அடுப்பில் உலை கொதிக்கும் நேரத்திலும், பிள்ளை தூங்கும் நேரத்திலும் இரண்டு இரண்டு பக்கமாகப் படித்து வளர்ந்த வாசகிகள் நம் அம்மாக்கள். ரமணிசந்திரன் படிப்பவரைப் பார்த்து உதட்டைச் சுழிப்பதும் எனக்கு உடன்பாடில்லை. ஒரு நாளில் தனக்கென்று கிடைத்த அரை மணி நேரத்தில் ஒருத்தி என்ன படிக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லும் தகுதி யாருக்கும் கிடையாது.

ஆனால் சொல்லி அனுப்பி வாங்கும் புத்தகத்தில் ஒரு குறை உண்டு. ஏற்கெனவே தெரிந்ததை மட்டும்தான் சொல்லி அனுப்ப முடியும். பெயர் தெரியாத எழுத்தாளரை எப்படிக் கேட்பது? இப்படி ஒரு புத்தகம் இருக்கிறது என்பதே தெரியாதபோது அதை எப்படி விரும்புவது? நூலக அலமாரியின் பெரிய குணம், நாம் கேட்காததையும் அது காட்டும். சமையல் குறிப்பு தேடிப் போன கை, பக்கத்து அலமாரியில் வானியல் புத்தகத்தைத் தொடும். ஒரு நாவலை எடுக்கப் போனவர் அம்பையின் சிறுகதைகளை எடுத்து வருவார். நின்றபடியே நாலு பக்கம் புரட்டி, பிடிக்கவில்லை என்று திரும்ப வைப்பார். அப்படித் திரும்ப வைப்பதும் ஒரு கல்விதான். எது தனக்கு வேண்டாம் என்று ஒருத்தி தானே கண்டுபிடிக்கிறாள்.

கணவரோ தம்பியோ எடுத்து வரும் புத்தகம் அவர்கள் கண்ணைத் தாண்டித்தான் அவளிடம் வருகிறது. அவர்கள் நல்லவர்களாகவே இருக்கட்டும். மணவிலக்குச் சட்டம் பற்றியோ உடலைப் பற்றியோ கடவுள் மறுப்பைப் பற்றியோ ஒரு புத்தகம் வேண்டும் என்று எத்தனை பேர் சொல்லி அனுப்புவார்கள்? யாரும் தணிக்கை செய்ய வேண்டியதே இல்லை. சொல்லி அனுப்ப வேண்டும் என்ற ஏற்பாடே அந்த வேலையைச் செய்துவிடும்.

ஆகவே நூலகம் பெண்ணுக்குத் தர வேண்டியவை இரண்டு. ஒன்று புத்தகம், மற்றொன்று அலமாரிக்கு முன்னால் தனியாக நிற்கும் நேரம். முதலாவதை வீட்டுக்குக் கொண்டு வந்து தரலாம், இரண்டாவதற்கு அவள்தான் போக வேண்டும்.

சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் நூலகவியலின் ஐந்து விதிகளை 1928இல் வகுத்தார், அவை 1931இல் நூலாக வந்தன. உலகெங்கும் நூலகத் துறை மாணவர்கள் இன்றும் படிக்கும் விதிகள் அவை. நூல்கள் பயன்பாட்டுக்கே. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல். ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து. நூலகம் ஒரு வளரும் உயிரி. இரண்டாவது விதியை ஆங்கிலத்தில் ‘அவனுடைய நூல்’ என்ற பொருளில் சொல்வதும் உண்டு. பழைய ஆங்கில வழக்கு அப்படி. தமிழில் ‘அவர்’ என்று சொல்லும்போது நாமும் உள்ளே வந்துவிடுகிறோம். மொழி வழக்கு எப்படியிருந்தாலும், அந்த விதியை விளக்கும்போது ரங்கநாதன் ஆண்களையும் பெண்களையும் பற்றித் தனியாகவே எழுதியிருக்கிறார். வசதியுள்ளவர்க்கு மட்டுமே நூல் என்பது எப்படித் தவறோ, நகரத்தாருக்கு மட்டுமே நூல் என்பது எப்படித் தவறோ, அப்படியே ஆணுக்கு மட்டுமே நூல் என்பதும் தவறு என்பது அவர் நிலை.

அவர் விதிகளை வகுத்த அதே 1928இல்தான் வர்ஜீனியா உல்ஃப் கேம்பிரிட்ஜ் பெண்கள் கல்லூரிகளில் பெண்களும் புனைவும் என்ற பொருளில் பேசினார். அந்தப் பேச்சுகள் வளர்ந்து ‘தனக்கென ஓர் அறை’ என்ற நூலாக 1929இல் வந்தது. அதில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் வாசலில் ஒரு பெண் நிறுத்தப்படுகிறாள். கல்லூரி ஆசிரியர் ஒருவர் உடன் வர வேண்டும், இல்லையென்றால் அறிமுகக் கடிதம் வேண்டும் என்கிறார்கள். இதைப் படித்தபோது எனக்கு நினைவு வந்தது ஒரு உறுப்பினர் படிவம். நான் பள்ளியில் படித்த காலத்தில் எங்கள் ஊர் நூலகத்தில் சேர, வீட்டு வரி கட்டும் ஒருவரோ அரசு ஊழியர் ஒருவரோ பிணைக் கையெழுத்துப் போட வேண்டும். புத்தகம் காணாமல் போனால் யாரிடம் கேட்பது என்பதற்கான ஏற்பாடு, அதில் தப்பில்லை. ஆனால் எங்கள் தெருவில் வீட்டு வரி ரசீது பெண் பெயரில் இருந்த வீடு எது என்று யோசித்தால் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. பெண்ணைத் தடுக்கும் எண்ணமே இல்லாமல் எழுதப்பட்ட ஒரு வரி, ஒவ்வொரு பெண்ணையும் ஓர் ஆணின் கையெழுத்தைத் தேடி அனுப்பியது.

வரியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தியாவில் பொது நூலகத்துக்கென்று முதலில் சட்டம் கொண்டு வந்த மாகாணம் சென்னை. ரங்கநாதனின் பல வருட முயற்சிக்குப் பின் 1948இல் அந்தச் சட்டம் வந்தது. சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் வசூலிக்க அது வழிசெய்தது. தமிழ்நாட்டின் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட பொது நூலகங்களுக்கு அந்த வரிதான் முக்கிய ஆதாரம். ஆக நூலகம் யாருடைய தர்மமும் இல்லை, ஒவ்வொரு வீட்டின் காசும் அதில் இருக்கிறது. வீட்டின் மேல் போடும் வரி அது. அந்த வீட்டை நாள்தோறும் நடத்துபவர் யார்? 2019இல் எடுக்கப்பட்ட தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் சம்பளமில்லாத அந்த வேலைக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்களில் வீட்டு வேலை செய்பவர்களே நூற்றுக்கு 26 பேர்தான், அவர்களும் செலவிடுவது 97 நிமிடம். ரசீது யார் பெயரில் இருந்தாலும் அந்த வீடு யாருடைய உழைப்பில் நிற்கிறது என்பதை இந்தக் கணக்கு சொல்கிறது. நூலகத்துக்குப் போகும் பெண் யாரிடமும் சலுகை கேட்கவில்லை. தான் ஏற்கெனவே கொடுத்ததைப் பயன்படுத்தப் போகிறாள்.

நான்காவது விதியை அந்த 299 நிமிடங்களோடு சேர்த்துப் படியுங்கள். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்றால், புத்தகம் சீக்கிரம் கைக்குக் கிடைக்கும்படி அடுக்கி வை என்பது பொதுவான பொருள். ஆனால் எந்த வாசகரின் நேரம்? மாலை நேரத்தில் ஆண்கள் வேலை முடிந்து வருவார்கள் என்று நூலகம் திறந்திருக்கிறது. அதே நேரத்தில்தான் பிள்ளைகள் பள்ளியிலிருந்து வருவார்கள், இரவுச் சமையல் தொடங்கும். அவளுக்குக் கொஞ்சம் கை ஓய்வது மதியம் இரண்டு மணிக்கு. அந்த நேரத்தில் எத்தனை சின்ன நூலகங்கள் பூட்டிக் கிடக்கின்றன! கழிப்பறையும் அப்படித்தான். தண்ணீர் வராத, தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறையுள்ள கட்டடத்தில் ஆண் இரண்டு மணி நேரம் உட்காருவான், பெண்ணால் அரை மணி நேரம்தான் முடியும். நேர அட்டவணையும் தாழ்ப்பாளும் யாரையும் “வராதே” என்று சொல்வதில்லை. யாரை மனதில் வைத்து அந்த இடம் நடத்தப்படுகிறது என்பதை மட்டும் சொல்லிவிடுகின்றன.

“பெண்களே கேட்கவில்லையே, கேட்டால் செய்யலாம்” என்பது அடுத்த வாதம். இது கொஞ்சம் கடினமான வாதம். விருப்பமில்லாதவரை இழுத்து வருவது சுதந்திரமாகாது. எனக்கு நூலகம் வேண்டாம், டி.வி. போதும் என்று ஒருத்தி சொன்னால் அதை மதிக்கத்தான் வேண்டும். ஆனால் வேண்டாம் என்று சொல்வதற்கு முன்னால் ஒன்று நடந்திருக்க வேண்டும். வேண்டும் என்று சொல்லும் வாய்ப்பு அவளுக்கு இருந்திருக்க வேண்டும். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வேண்டாம் என்பது தேர்வு. நமக்கானதில்லை என்று சின்ன வயதிலேயே பழக்கப்பட்டு, ஆசையே முளைக்காமல் போன பின் வேண்டாம் என்பதைத் தேர்வு என்று சொல்லிக் கைகழுவக்கூடாது. அலமாரியைப் பார்க்காதவர் அலமாரியைக் கேட்க மாட்டார். ஆகவே கேட்கும் வரை காத்திருப்பேன் என்பது நடுநிலை மாதிரித் தெரிந்தாலும், இருப்பது இருந்தபடியே இருக்கட்டும் என்பதுதான் அதன் பொருள்.

பொறுப்பு வராதவரிடம் இல்லை, திறந்து வைத்தவரிடமும் உண்டு என்பதை நம் ஊர் ஒரு காலத்தில் புரிந்துவைத்திருந்தது. 1931 அக்டோபரில் மன்னார்குடிக்குப் பக்கத்தில் மேலவாசலில் மாட்டு வண்டியில் ஒரு நூலகம் புறப்பட்டது. ஊர் ஊராகப் புத்தகங்களைக் கொண்டுபோனது. கிராமத்து மக்களுக்கு வாசிப்பில் ஆர்வமில்லை என்று சொல்லிவிட்டு வண்டி கட்டாமல் இருந்திருக்கலாம். அவர்கள் அப்படி நினைக்கவில்லை. இன்றும் ‘நூலக நண்பர்கள்’ என்ற பெயரில் தன்னார்வலர்கள் வீட்டுக்கே புத்தகம் கொண்டுபோய்க் கொடுக்கும் திட்டம் இருக்கிறது. படுக்கையில் இருப்பவர்க்கும், நடக்க முடியாதவர்க்கும் அது பெரிய வரம். நடக்க முடிந்த பெண்களுக்கும் அதுவே போதும் என்று நினைத்துவிட்டால்தான் தவறு. வீட்டு வாசலுக்குப் புத்தகம் வந்துவிட்டால் அவள் வெளியே வர வேண்டிய கடைசிக் காரணமும் போய்விடுமே!

வெளியே வருவதால் என்ன கிடைக்கும்? டீக்கடையிலும் சலூனிலும் படிப்பகத்திலும் பேப்பரைச் சத்தமாகப் படித்துச் சண்டை போட்டுத்தான் தமிழ்நாட்டு ஆண்கள் அரசியல் கற்றார்கள். திராவிட இயக்கமும் பொதுவுடைமை இயக்கமும் அந்தப் பெஞ்சுகளில் வளர்ந்தவை. நான்கு பேர் முன்னால் உட்கார்ந்து தலையங்கம் படிக்கும் ஒருவரிடம், “நீங்க என்ன நினைக்கிறீங்க?” என்று ஊர் கேட்கத் தொடங்கும். வீட்டுக்குள் எவ்வளவு படித்தாலும் ஊர் அந்தக் கேள்வியை அவளிடம் கேட்பதில்லை, ஏனென்றால் அவள் படிக்கிறாள் என்பதே ஊருக்குத் தெரியாது.

செய்யக்கூடியவை எல்லாம் சிறியவை. மதியத்தில் இரண்டு மணி நேரம் திறந்து வைக்கலாம். கழிப்பறைக்குத் தாழ்ப்பாளும் தண்ணீரும் வேண்டும். பிள்ளையோடு வரும் தாயை முறைக்காமல் ஒரு பாய் விரித்துக் கொடுக்கலாம். ஒவ்வொரு நூலகத்திலும் வாசகர் வட்டம் அமைக்க ஏற்பாடு உண்டு, அதில் ஊரின் பெண்கள் போய்ச் சேர்ந்து இவற்றை எழுதிக் கேட்கலாம். பெண்களுக்கென்று ஒரு தனி மூலை ஒதுக்கித் தந்தால் போதும் என்று சொல்வார்கள். முதலில் அது உதவும், வாங்கிக்கொள்வோம். ஆனால் தினசரி மேசையை விட்டுக்கொடுக்க வேண்டாம்.

வீட்டில் நம் பங்கும் இருக்கிறது. மகள் நூலகத்துக்குப் போகிறேன் என்றால் என்ன தேர்வு என்று கேட்காமல் இருக்கலாம். மருமகள் கார்டை அவள் கையிலேயே கொடுத்து அனுப்பலாம். தேர்வு எழுதி முடித்த தோழிகளுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். முடிவு எப்படி வந்தாலும் அந்த நாற்காலியைக் காலி செய்துவிடாதீர்கள். வழிகாட்டி நூலை வீட்டில் வைத்துவிட்டு ஒருநாள் வெறுங்கையோடு போங்கள். நேராக அலமாரிக்குப் போங்கள். எந்தத் தேர்விலும் கேட்க மாட்டார்கள் என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரு புத்தகத்தை எடுத்து, மேசை நடுவில் உட்கார்ந்து படியுங்கள். எதுக்கு வந்தே என்று யாராவது கேட்டால், “சும்மாதான்” என்று சொல்லுங்கள்.